மதுரை வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஊர்: லெகோ கட்டும் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லெகோ என்கிற, ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் மாறி மாறிக் கேட்கிற கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதில் பிளாக்ஸ் அடுக்குவதா? பிள்ளைகள் சாமான் இல்லையா?

கொலுவுக்கு வருஷா வருஷம் பொம்மை வாங்குகிற அம்மாவிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்பவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2020-லிருந்து பெரியவர்களுக்கான செட்களில் லெகோ கம்பெனியே 18+ என்று அச்சிடுகிறது. டைட்டானிக் செட்டில் 9,090 பீஸ், கட்டி முடித்தால் 135 சென்டிமீட்டர் நீளம். ஈபிள் கோபுரம் 10,001 பீஸ், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையை நினைத்து யாரும் செய்யவில்லை.

இந்தக் கட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

அளவுதான். டென்மார்க்கில் பிலுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் மரச்சாமான் பட்டறையாக ஆரம்பித்த கம்பெனி இது. இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்கு, அதாவது மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற அமைப்புக்கு, 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்தக் குழாய்தான் விஷயமே. அது வருவதற்கு முன் கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், ஆனால் பிடிக்காது. 1963 முதல் ஏபிஎஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக். 1958-ல் செய்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடு சேரும்.

நான்கு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் நம் ஊரைக் கட்டும்போது உதவும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6. தட்டையான பிளேட்டின் உயரம் 3.2. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை.

எட்டு குமிழ் கட்டைகள் ஆறு, எல்லாம் ஒரே நிறம். அவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் பேராசிரியர்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: 91 கோடியே 51 லட்சத்துக்கும் மேல். ஆறே ஆறு கட்டைக்கு.

எதில் ஆரம்பிக்கலாம்?

நடுத்தரமான ஒரு கட்டடம். பெரிய கப்பல், பெரிய விண்கலம் எல்லாம் முதல் செட்டாக வேண்டாம். ஆயிரம் பீஸுக்குள் இருக்கட்டும், மூன்று நான்கு இரவில் முடியட்டும். கட்டும்போது கை எதை ரசிக்கிறது என்று கவனியுங்கள். சிலருக்கு அடுக்குவது பிடிக்கும், சிலருக்கு உள்ளே பல்சக்கரம் சுற்றினால்தான் பிடிக்கும், சிலருக்கு முடித்து ஷோகேஸில் வைத்தால் போதும். இது தெரியாமல் பணம் போடக்கூடாது.

விலை ஏன் இப்படி?

வெளிநாட்டு ரசிகர்கள் ஒரு பீஸுக்கு 10 அமெரிக்க சென்ட் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே என்றால் மலிவு, மேலே என்றால் யோசி. நமக்கு அந்தக் கணக்கு உதைக்கும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. நடுவில் 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது என்றும் வந்தது. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலுக்கு நல்லதோ என்னவோ, நம் பர்ஸுக்கு இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இருக்கிற ஒரே சலுகை சிங்கப்பூர், துபாய் சொந்தக்காரர்கள். அங்கிருந்து வருகிற மச்சானிடம் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டியில் பாதி காற்று. பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டைப்பெட்டியை மடித்து அடியில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் தாளைப் புத்தகத்துக்குள் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் சுருண்டு வரும்.

டவுன்ஹால் ரோட்டில் பாதிக்கும் குறைந்த விலைக்கு அதே மாதிரி கிடைக்கிறதே, அண்ணே? வாங்கினால் தப்பா?

இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கட்டையின் வடிவத்துக்கான காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அந்த வடிவத்தை வணிகச் சின்னமாகவாவது பிடித்துவைக்கலாம் என்று லெகோ பார்த்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2005-லும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-லும் முடியாது என்று சொல்லிவிட்டன. வேலை செய்கிற வடிவத்தை ஒருவர் மட்டும் என்றென்றைக்கும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே லெகோவோடு சேரும் கட்டையைத் தானே வடிவமைத்து விற்கும் கம்பெனிகள் நேர்மையானவைதான். போலந்தின் கோபி அதற்கு நல்ல உதாரணம், ராணுவ வண்டி பிரியர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

ஆனால் ஒரு செட்டை அப்படியே நகலெடுத்து, பெட்டிப் படத்தையும் திருடி விற்பது வேறு கதை. மினிஃபிகர் என்கிற அந்தக் குட்டி மனிதனின் உருவம் ஐரோப்பாவில் இன்றும் பதிவான வணிகச் சின்னம். நகல் செட் வாங்குவதில்லை என்பது என் நிலை. நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பிடிமானமும் ஒரு சீராக இருக்காது. ஒரு கட்டை கழலும், அடுத்தது சுத்தியல் கேட்கும். காசு குறைவென்றால் நேர்மையான மாற்று பிராண்டின் உதிரிக் கட்டைகளை வாங்கி, வெளியே தெரியாத உள்பக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். கோபுரத்தின் வயிற்றுக்குள் என்ன பிராண்டு என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்க வீட்டுக்காரர் டைனிங் டேபிளை மூன்று வாரமாக ஆக்கிரமித்திருக்கிறார். என்ன செய்ய?

பழைய கதவுப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுங்கள், அம்மா. அதன்மேல் கட்டட்டும். சாப்பாட்டு நேரத்தில் பலகையோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். விளிம்பில் சின்ன ரீப்பர் அடித்தால் பீஸ் உருளாது.

செட்டில் இல்லாததை, நம் ஊரையே கட்ட முடியுமா?

முடியும். இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அங்கேதான். தாஜ்மகாலை லெகோ 2008-லேயே 5,922 பீஸில் போட்டுவிட்டது. மீனாட்சி கோயிலுக்கு அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அளவு விகிதம். மினிஃபிகர் நான்கு சென்டிமீட்டர் உயரம். அவன் நின்று கும்பிடுகிற மாதிரி தெற்குக் கோபுரத்தைக் கட்டினால் அது உங்கள் இடுப்புக்கு மேல் வரும், பணமும் அந்த அளவுக்குப் போகும். 1:200 எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். இருநூறால் வகுத்தால் 26 சென்டிமீட்டர். கட்டைக் கணக்கில் 27. அடிப்பகுதி ஏறக்குறைய 20 குமிழ் நீளம், 12 குமிழ் அகலம். இதை ஒரு மாதச் சம்பளத்தைத் தொடாமலே கட்டலாம்.

27-ஐ இப்படிப் பிரிக்கலாம்: கீழே கருங்கல் பகுதிக்கு ஐந்து, ஒன்பது நிலைகளுக்கு இரண்டிரண்டாகப் பதினெட்டு, உச்சியில் வண்டிக்கூடு மாதிரி வளைந்த சாலைச் சிகரத்துக்கும் கலசங்களுக்கும் நான்கு. கணக்கு இவ்வளவு அழகாக வந்து விழும் என்று 1559-ல் அதைக் கட்டியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

கணக்கு முடிந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்கும். தெற்குக் கோபுரத்தின் அழகு உயரத்தில் மட்டும் இல்லை, விளிம்பு நேர்கோடாக ஏறாமல் உள்வாங்கி வளைந்து ஏறுகிறதே, அதில் இருக்கிறது. எல்லா நிலையையும் ஒரே அளவு உள்ளே தள்ளினால் எகிப்துப் பிரமிடு கிடைக்கும், மதுரைக் கோபுரம் கிடைக்காது. கீழ் நிலைகளில் பக்கத்துக்கு ஒரு முழுக் குமிழ் உள்ளே தள்ளுங்கள், மேலே போகப் போக அரைக் குமிழ். அரைக் குமிழ் நகர்த்த ஜம்பர் பிளேட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு குமிழ் அகலத்தில் நடுவே ஒரே குமிழ் உள்ள பிளேட். அது கையில் நிறைய இருக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் தள்ளுகிற அளவு குறைவு, இரண்டு பக்கவாட்டில் கொஞ்சம் அதிகம். சித்திரை வீதியில் நின்று நேராக ஒரு போட்டோ, மூலையிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

சுதைச் சிற்பங்கள்? அந்த ஒரு கோபுரத்தில் மட்டும் 1,500-க்கும் மேல். ஒன்றைக்கூட உருவமாகச் செய்ய முயலாதீர்கள். பக்கவாட்டிலும் குமிழ் உள்ள ஒற்றைக் குமிழ் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றில் பூ, குழாய்த் தலை, கிளிப், சின்ன வட்டத் தட்டு என்று கைக்கு வந்த நுணுக்கப் பீஸ்களை மாட்டுங்கள். நான்கடி தள்ளி நின்று பார்த்தால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். கோபுர வாசலின் அகலத்தை இரட்டைப்படையில் வைத்தால் மொத்த அகலமும் இரட்டைப்படையாக இருக்கட்டும். இல்லையென்றால் வாசல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும்.

நிறம் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. பல வண்ணம் அடித்த கோபுரத்தைக் கட்டுவதா, ஒரே சந்தன நிறத்தில் கட்டுவதா? நான் பல வண்ணக் கட்சி. நீலம், பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் கலந்துதான் அது நம் கோபுரம். சந்தன நிறத்தில் கட்டினால் பார்க்கிறவர் தஞ்சாவூரா என்று கேட்பார்.

கோபுரம் பெரிய வேலையாகத் தெரிகிறது. வேறு எதாவது?

மாரியம்மன் தெப்பக்குளம். சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். 1:1000 விகிதத்தில் 38 குமிழுக்கு 36. 48 குமிழ் பேஸ்பிளேட் (அடித்தட்டு) ஒன்றில் சுற்றுச் சாலை, மரங்களோடு அடங்கும். படிக்கட்டுக்குப் பிளேட், நடு மண்டபத்துக்கு ஒரு பிடி வெள்ளைப் பீஸ், தண்ணீருக்குக் கண்ணாடி மாதிரியான டைல், அதாவது மேலே குமிழ் இல்லாத வழவழப்பான தட்டு. நீலத்தை விடப் பச்சைக் கண்ணாடி உண்மைக்குக் கிட்ட. டைல் வாங்கக் காசு இல்லையென்றால் குளத்தை வற்றவிட்டு, மண் நிறத் தரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மாதிரி வையுங்கள். ஊர்க்காரர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

திருமலை நாயக்கர் மகாலைப் பலர் ஆசையாகத் தொடங்கி நிறுத்திவிடுவார்கள். 248 தூண். தூண் பிரச்சினை இல்லை, வட்டக் கட்டைகளை அடுக்கினால் போயிற்று. வளைவுகள்தான் உயிரை வாங்கும். லெகோவின் வளைவுப் பீஸ் மழமழவென்று அரைவட்டமாக இருக்கும், மகாலின் வளைவில் இதழ் இதழாக விளிம்பு. அரை வளைவுப் பீஸ்களை எதிரெதிரே வைத்து, அடியில் சின்ன வட்டத் தட்டுகளை ஒட்டி ஓரளவு கொண்டுவரலாம். முழு முற்றத்தையும் நினைக்காமல் ஐந்து தூண், நான்கு வளைவு என்று ஒரு துண்டை மட்டும் கட்டுங்கள். இன்று நிற்பதே 1636-ல் கட்டிய அரண்மனையில் கால்வாசிதான்.

தெருப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2007-லிருந்து லெகோ வருஷந்தோறும் 32 குமிழ் பேஸ்பிளேட்டில் ஐரோப்பியத் தெரு வீடுகளைப் போடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொக்கி மாட்டினால் தெருவாகிவிடும். அதே அமைப்பில் மாசி வீதியைக் கட்டலாம். சரிவுக் கூரையை எடுத்துவிட்டு மொட்டைமாடி, அதில் கறுப்பு வட்டக் கட்டையில் சின்டெக்ஸ் டேங்க், கீழே கடைக்கு ஷட்டர், மாடி முழுக்க போர்டு. ஷட்டருக்கு வரிவரியான கிரில் டைல் அப்படியே பொருந்தும். போர்டு எழுத்தைத் தாளில் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம்.

முன்கூட்டியே வரைந்து பார்க்க வழி உண்டா?

ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். பிரிக்லிங்க் என்ற உதிரிபீஸ் சந்தையுடையது, அந்தச் சந்தையையே 2019-ல் லெகோ வாங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் கட்டிப் பார்த்து, எந்தப் பீஸ் எத்தனை வேண்டும் என்று பட்டியல் எடுக்கலாம். பெரும்பாலான பீஸின் உள்பக்கம் பொடி எழுத்தில் எண் இருக்கும். எட்டு குமிழ் கட்டை என்றால் 3001. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் தாமதமும் உண்டு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குவது புத்திசாலித்தனம்.

பீஸை எப்படிப் பிரித்து வைப்பது?

நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். கறுப்புக் குவியலில் கறுப்பு கிளிப்பைத் தேடிப் பாருங்கள், புரியும். வடிவம் பார்த்துப் பிரியுங்கள். கலந்த நிறக் குவியலில் வேண்டிய நிறம் தானே கண்ணில் படும். ஸ்க்ரூ, நட்டு போட ஹார்டுவேர் கடையில் விற்கிற அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி போதும்.

வீட்டில் எங்கே வைப்பது?

மேற்குப் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். வெயிலின் புறஊதாக் கதிர்தான் முதல் எதிரி. வெள்ளையும் வெளிர்சாம்பலும் சில வருஷத்தில் பழுப்பேறும், ஸ்டிக்கர் வெடித்துச் சுருளும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள், பேஸ்பிளேட் வளைந்துவிடும்.

சமையலறைக்கு நேர் எதிரே வைத்தால் தாளிக்கிற எண்ணெய்ப் புகை படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, பிசுபிசுவென்று ஆகும். அது பிரஷ்ஷுக்குப் போகாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், பூஜை அறையிலிருந்து கொஞ்சம் தள்ளி. மேலே டியூப் லைட் இருக்கக்கூடாது. டியூப் லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பல்லி வரும், பல்லி இருந்தால் மாடலின் மேல் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக் கதவு வைத்த ஷோகேஸ் நல்லது. பழைய பீரோவின் கதவை மாற்றினாலும் போதும். தனி மாடலுக்குப் பெயர்ப்பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் பெட்டி வெட்டித் தருவார்கள். மாடலின் அளவை விட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லுங்கள்.

தூசி, அழுக்கு?

வாரம் ஒருமுறை மென்மையான மேக்கப் பிரஷ். புதுசாக இருக்கட்டும், வீட்டில் யாருடையதையும் எடுக்காதீர்கள்.

கழுவ வேண்டுமென்றால் பிரித்துக் கழுவுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் கூடாது என்பது கம்பெனியின் அறிவுரை. கத்திரி வெயிலில் நம் மாடி டேங்க் தண்ணீரே அதைத் தாண்டலாம், காலையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தூள் துளி, வலைப் பை, கையால் அலசல். வாஷிங் மெஷினும் ஹேர் டிரையரும் வேண்டாம். போர் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் வெள்ளை உப்பு படியும், அதனால் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். நிழலில், துண்டின்மேல், ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள்.

பழுப்பேறிய வெள்ளையை ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் சில மணி நேரம் வைத்தால் மீளும். மெடிக்கல் கடையில் கிடைக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் பழுப்பேறாது என்று உத்தரவாதம் இல்லை. பழைய செட்களில் அடர்சிவப்பும் செம்பழுப்பும் எளிதில் உடைகிற நிறங்கள். அந்தக் கிளிப்களைக் கழற்றும்போது பொறுமை.

கொலுவில் வைக்கலாமா? சாமி குத்தம் ஆகாதா?

படியில் வேண்டாம், பக்கத்துப் பார்க்கில் வையுங்கள். படிக்கு ஒரு வரிசை உண்டு: மேலே சாமி, மரப்பாச்சி, கீழே இறங்க இறங்க மனிதர், மிருகம், செடி. அதில் லெகோவைச் செருகினால் பாட்டிக்கும் வருத்தம், மாடலுக்கும் பொருத்தமில்லை. ஆனால் படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டிக் கடுகு முளைக்கவிட்டுப் பிள்ளைகள் போடுகிற பார்க் எப்போதும் சுதந்திர பூமி. தெப்பக்குளம், மாசி வீதி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. விளாச்சேரி மண் பொம்மையைப் பக்கத்தில் வைத்தால் அளவு மாறி லெகோ ஊர் குட்டியாகத் தெரியும். நடுவே ஒரு வரிசைச் செடி இருந்தால் கண் இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. மணலுக்கும் பேஸ்பிளேட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள், குழாய்க்குள் மணல் போனால் கட்டை பிடிக்காது.

இதை வெறும் இட ஆலோசனையாகச் சொல்லவில்லை. வருஷம் முழுக்க எல்லா மாடலையும் வெளியே வைத்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பலருக்கு வருகிற வியாதி. ஷோகேஸ் நிரம்பும், பிறகு பரண், பிறகு சண்டை. கொலு வைக்கிற வீட்டில் ஒன்பது ராத்திரி வைத்துவிட்டு, விஜயதசமி முடிந்ததும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் எடுத்து, ஒன்றிரண்டு புதிதாகச் சேர்த்து, வேறு மாதிரி அடுக்குகிறார்கள். லெகோவையும் அப்படி வைத்துக்கொள்ளலாம். பிரித்துப் பெட்டிக்குள் போட்ட கோபுரம் அழிந்துபோகவில்லை, அதே பீஸ் அடுத்த நவராத்திரிக்கு வைகை ஆற்றின் ஏ.வி. பாலமாக வரும். பிரிக்க மனமில்லாதவர்களுக்கு என் ஆலோசனை: நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள்.

பசை போட்டு ஒட்டிவிட்டால் கீழே விழுந்தாலும் உடையாதே?

ஒட்டிய கட்டை பிறகு கட்டை இல்லை. வேண்டாம்.

பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேட்?

பிரிக் செபரேட்டர் என்ற ஆரஞ்சு நிற நெம்புகோல் பல பெரிய செட்களில் சேர்ந்தே வரும். பல்லால் கடிக்காதீர்கள். பழைய பீஸ் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் பல் தடத்தைத்தான்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறுமாமே? முதலீடாகச் செய்யலாமா?

ரஷ்யப் பொருளியலாளர்கள் 1987 முதல் 2015 வரை வெளிவந்த செட்களை எடுத்து, உற்பத்தி நின்ற பிறகு அவற்றின் விலை வருஷத்துக்குச் சராசரியாக 11 சதவீதம் ஏறியது என்று காட்டியிருக்கிறார்கள். அது அமெரிக்க, ஐரோப்பிய மறுவிற்பனைச் சந்தை. நம் ஊரில் அந்த விலைக்கு எடுக்க ஆள் எங்கே? பரணில் வைத்தால் வெயிலில் பெட்டி உப்பும், ராமபாணப் பூச்சி புத்தகத்தைத் தின்னும். முதலீடு செய்ய வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போங்கள். கட்ட ஆசையிருந்தால் மட்டும் பெட்டியை வாங்குங்கள்.

விருந்தாளிப் பிள்ளைகள் தொட்டால்?

மூன்று வயதுக்குள் என்றால் கிட்டவே விடக்கூடாது, விழுங்கிவிடும். அதற்கு மேல் என்றால் ஷோகேஸுக்குக் கீழே ஒரு டப்பா நிறைய சாதாரணக் கட்டை வையுங்கள். தங்கள் கைக்கு வேலை இருந்தால் உங்கள் கோபுரத்தைத் தொட மாட்டார்கள். பெரியவர்கள்தான் “இது கழலுமா?” என்று இழுத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குத்தான் கண்ணாடிக் கதவு.

ஒரு பீஸ் குறைகிறது. கம்பெனி தப்பா?

முதலில் பையை மறுபடி உதறுங்கள், பிறகு பாய்க்கு அடியில், பிறகு கட்டிய பகுதியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்திருக்கிறீர்களா என்று. எடைபோட்டுத்தான் பை போடுகிறார்கள், பொடிப் பீஸ் கூடுதலாகவே வரும். உண்மையிலேயே குறைந்தால் செட் எண்ணும் பீஸ் எண்ணும் கொடுத்துக் கம்பெனி இணையதளத்தில் கேட்கலாம்.

வீடு மாறும்போது எப்படிக் கொண்டுபோவது?

பெரிய மாடலை மாடி மாடியாக, பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் சமையலறை கிளிங் ஃபிலிமில் சுற்றுங்கள். உதிர்ந்தாலும் அந்தச் சுற்றுக்குள்ளேயே கிடக்கும். பேப்பரில் சுற்றாதீர்கள், மை ஒட்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் எத்தனையாவது மாடி, முன்பக்கம் எது என்று எழுதுங்கள். குட்டி யானையில் பின்னால் ஏற்றாமல் டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். மெத்தையும் மிக்ஸியும் பின்னால் வரட்டும்.